மேய்ச்சல் நிலமும் தேடப்படுவோர் பட்டியலும்: பிரான்சின் சாகெல் கொள்கை குறித்து

2013 ஜனவரி 11 அன்று பிரான்ஸ் மாலியில் 'செர்வால்' இராணுவ நடவடிக்கையைத் தொடங்கியது. வடமாலியைப் பிடித்திருந்த ஆயுதக் குழுக்கள் அதற்கு முந்தைய நாள் கொன்னா நகரையும் கைப்பற்றியிருந்தன. இடைக்கால அதிபர் தியோன்குண்டா திராவோரே உதவி கேட்டிருந்தார். மூன்று வாரங்களுக்குள் காவோவும் திம்புக்துவும் மீட்கப்பட்டன; பிப்ரவரி 2 அன்று திம்புக்து வந்த பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்தை மக்கள் திரண்டு வரவேற்றனர். அந்த வரவேற்பு உண்மையானது. ஆனால், 2022 ஆகஸ்ட் 15 அன்று பிரான்சின் கடைசிப் படைப்பிரிவு மாலியை விட்டு வெளியேறியது. 2023இல் புர்க்கினா பாசோவும் நைஜரும், 2025 ஜனவரியில் சாடும் பிரெஞ்சுப் படைகளற்ற நாடுகளாயின.

இந்தச் சரிவுக்கு ரஷ்யப் பரப்புரை, தொடர்ந்து நடந்த இராணுவப் புரட்சிகள், காலனிய ஆட்சியின் கசப்பு ஆகியவற்றைக் காரணமாகச் சொல்வது வழக்கம். மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் 2013இல் கைதட்டியவர்களிடமும் அந்தக் காலனிய நினைவு இருக்கத்தான் செய்தது. எனவே இடைப்பட்ட ஆண்டுகளில் பிரான்ஸ் என்ன செய்தது என்பதையே ஆராய வேண்டும். சகாராவின் தென்விளிம்பான சாகெலில் நிலம், நீர், நீதி ஆகியவற்றைச் சுற்றி எழுந்த மோதலை அது பயங்கரவாதத் தலைவர்களை ஒவ்வொருவராக ஒழிக்கும் வேலையாகப் புரிந்துகொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மத்திய மாலியை எடுத்துக்கொள்வோம். மொப்தியைச் சுற்றி நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து பரந்த வெள்ளச் சமவெளியை உருவாக்குகிறது. வெள்ளம் வடியும்போது அங்கே 'புர்கு' என்னும் நீர்ப்புல் கிடைக்கும். கோடை மாதங்களில் மந்தைகளைக் காப்பது அதுதான். 19ஆம் நூற்றாண்டில் சேக்கு அமாது நிறுவிய மாசினா அரசு, எந்த மந்தை எந்த வரிசையில், எந்த வழியாகச் சமவெளிக்குள் இறங்கலாம் என்று விதிகள் வகுத்தது. மேய்ச்சல் உரிமையைக் கவனிக்கும் 'ஜோரோ' என்ற பரம்பரைப் பொறுப்பாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். விடுதலைக்குப் பின் நிலத்தின் உரிமையாளர் அரசே என்றானது. நெல் வயல்கள் புர்கு நிலங்களுக்குள் நீண்டன. 1970களிலும் 80களிலும் வந்த பெரும் வறட்சிகள் மந்தைகளை அழித்தன. எஞ்சிய புல்லுக்குப் போட்டி கூடியதும் ஜோரோக்கள் கேட்கும் கட்டணம் ஏறியது. வன அதிகாரிகள் அபராதம் என்ற பெயரில் பணம் பறித்தார்கள். வழக்குமன்றம் போன ஏழை மேய்ப்பர், கையூட்டுத் தர வசதியுள்ளவரிடம் தோற்றுத் திரும்பினார்.

2015 முதல் அமாது கூஃபாவின் மாசினா படையணி என்ற ஜிகாதிக் குழு காலூன்றியது இந்த இடத்தில்தான். அது மேய்ச்சல் கட்டணத்தைக் குறைத்தது; சில இடங்களில் நீக்கியது; வழக்குகளை விரைவாகத் தீர்த்தது. அதனிடம் கொடுமையும் குறையாமல் இருந்தது: பள்ளிகளை மூடியது, எதிர்த்தவர்களைக் கொன்றது. அச்சத்தால் பணிந்தவர்கள் பலர். ஆனால், ஃபுலானி என்னும் மேய்ப்பர் இனத்தின் இளைஞர்கள் சிலர் விரும்பிச் சேர்ந்ததை மதப் பரப்புரை ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது.

பிரான்ஸ் இதை அறியாமல் இல்லை. பிரெஞ்சு மானிடவியலாளர்கள் இச்சமவெளியைப் பற்றிப் பல பத்தாண்டுகள் எழுதியிருக்கிறார்கள். அந்த அறிவு கொள்கையை எட்டவில்லை. 2014 ஆகஸ்டில் தொடங்கி ஐந்து நாடுகளில் விரிந்த 'பர்கான்' நடவடிக்கையில் உச்சகட்டத்தில் சுமார் 5,100 வீரர்கள் இருந்தனர். 2020 ஜூனில் அல் கொய்தாவின் வட ஆப்பிரிக்கப் பிரிவுத் தலைவர் துரூக்தெலும், 2021இல் இஸ்லாமிய அரசின் சகாராப் பிரிவுத் தலைவர் அபு வலீதும் கொல்லப்பட்டனர். வன்முறையோ வடமாலியிலிருந்து மத்திய மாலிக்கும், அங்கிருந்து புர்க்கினா பாசோவுக்கும் இறங்கியது.

2020 ஜனவரி 13 அன்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஐந்து சாகெல் அதிபர்களையும் பிரான்சின் போ நகருக்கு அழைத்து, மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்று நாட்டு எல்லைப் பகுதியில் படை வலிமையைக் கூட்ட முடிவெடுத்தார். ஒரு மாதம் கழித்து மத்திய மாலியில் ஒகோசாகு என்ற ஃபுலானி கிராமம் தாக்கப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 மார்ச்சில் அதே ஊரில் 150க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தார்கள். இரண்டாம் தாக்குதல், காவலுக்கு நின்ற மாலிப் படை விலகிய சில மணி நேரத்தில் நடந்தது. போ நகரில் வகுத்த திட்டத்தில் இம்மக்களைக் காப்பது எவர் பொறுப்பு என்ற கேள்விக்கு உரிய இடமே இருக்கவில்லை.

2021 ஜனவரி 3 அன்று பூன்ட்டி கிராமத்தின் அருகே பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. திருமணத்திற்குக் கூடியவர்கள் தாக்கப்பட்டதாகவும், இறந்த 22 பேரில் 19 பேர் பொதுமக்கள் என்றும் ஐ.நா. விசாரணை கூறியது. பிரான்ஸ் அதை ஏற்கவில்லை. தாக்குதலுக்கு முன் கண்காணிப்பு ட்ரோன் எடுத்த படங்களைச் சுயேச்சையான விசாரணைக்குத் தந்திருந்தால் இந்தச் சர்ச்சை ஏதேனும் ஒரு முடிவை எட்டியிருக்கும். தராததால் பிரான்ஸ் இழந்தது ஒரு கிராமத்தின் நம்பிக்கையை மட்டுமல்ல. மாலி இராணுவத்தின் குற்றங்களைச் சுட்டிக்காட்டும் தகுதியையும் சேர்த்துத்தான்.

சாடில் நடந்ததும் பிரான்சின் இந்தத் தகுதியைக் குறைத்தது. 2021 ஏப்ரலில் அதிபர் இத்ரிஸ் தெபி இறந்ததும், அரசமைப்பை ஒதுக்கிவிட்டு அவர் மகன் ஆட்சியை எடுத்துக்கொண்டார். மக்ரோன் இறுதிச் சடங்குக்கு நேரில் சென்றார். அடுத்த மாதம் மாலித் தலைநகர் பமாக்கோவில் இரண்டாம் இராணுவப் புரட்சி நடந்தபோது மாலியுடனான கூட்டு நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டன. பர்கானின் தலைமையகம் சாடின் தலைநகரில் இருந்தது என்பதைத் தவிர இவ்வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

பிரான்ஸ் போனபின் நிலைமை மோசமாகிவிட்டதே என்ற எதிர்வாதத்தைப் புறந்தள்ள முடியாது. 2022 மார்ச் இறுதியில் மூரா கிராமத்தில் மாலி இராணுவமும் அயல்நாட்டுப் படையினரும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கண்டறிந்தது. பூன்ட்டியையும் மூராவையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. அளவிலும் நோக்கத்திலும் அவை வேறு. ஆனால், எதிரியை ஒழித்தால் அமைதி வரும் என்ற எண்ணத்தைப் புதிய ஆட்சியாளர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டு அதையே தொடர்கிறார்கள்.

பாரிசில் இப்போது நடக்கும் மறுபரிசீலனை பெரும்பாலும் படையின் அளவைப் பற்றியது: தளங்களைக் குறைப்பது, பயிற்சியைக் கூட்டுவது, கண்ணில் படாமல் இருப்பது. இது எங்கே சோதிக்கப்படும் என்றால், சாகெலுக்குத் தெற்கே உள்ள பெனினில். அதன் வடக்கே 'டபிள்யூ', பெஞ்சாரி வனப் பூங்காக்களை ஒட்டி ஆயுதக் குழுக்கள் ஏற்கெனவே நுழைந்துவிட்டன. பிரான்ஸ் பெனின் இராணுவத்துக்குத் துணை நிற்கிறது. பூங்கா எல்லைகளும் மேய்ச்சல் கட்டுப்பாடுகளும் ஃபுலானி மேய்ப்பர்களை நெருக்கும் நிலம் அது. அங்கே பிரான்ஸ் அளிக்கும் ஒவ்வொரு இராணுவ உதவியும், கைதானவர்கள் நீதிமன்றத்தை அடைகிறார்களா, அத்துமீறிய சிப்பாய் விசாரிக்கப்படுகிறாரா, மந்தைகள் செல்லும் வழிகள் சட்டப்படி குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்பவற்றோடு பிணைக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கை இரு நாடாளுமன்றங்களின் முன்னும் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். பெனின் அரசு இதை ஏற்க மறுத்தால், உதவியை நிறுத்தப் பிரான்ஸ் ஆயத்தமாக இருக்க வேண்டும். மாலியில் அது வலியுறுத்தாத நிபந்தனை இது.