வீடு திரும்பிய பின் தொடங்கும் சிகிச்சை: நோர்வேயில் கணைய அழற்சி மீள்வதைத் தடுத்தல்

மதுவால் வரும் கணைய அழற்சிக்கு மருத்துவமனையில் திரவம் ஏற்றுகிறார்கள், வலியைத் தணிக்கிறார்கள், உணவூட்டுகிறார்கள். இவை உயிரைக் காக்கின்றன. நோயின் காரணத்தைத் தொடுவதில்லை. நோய் மீளாதிருக்க மதுவையும் புகையையும் ஒருசேர விட வேண்டும். அதற்கான ஆலோசனை ஒருமுறையோடு முடியாமல், நோயாளியின் மொழியில் தொடர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒஸ்லோவில் அதற்கான சட்டமும் அமைப்பும் ஏற்கெனவே உள்ளன.

மதுவும் புகையும்

கணையம் சுரக்கும் செரிமான நொதிகள் சிறுகுடலை அடைந்த பிறகே செயற்பட வேண்டியவை. மதுவும் அதன் சிதைவுப் பொருள்களும் சுரப்புக் கலங்களைத் தாக்கும்போது, நொதிகள் கணையத்துக்குள்ளேயே செயற்படத் தொடங்கி அதையே அரிக்கின்றன. அழற்சி திரும்பத் திரும்ப வந்தால் நார்த்திசு படர்கிறது. செரிமானக் குறைவும் நீரிழிவும் பின்தொடர்கின்றன.

பின்லாந்தின் தம்பெரே நகரில் மதுவால் முதன்முறை கணைய அழற்சி கண்ட 562 பேரை நெடுங்காலம் கவனித்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் மீண்டது. அந்நகரின் மற்றோர் ஆய்வில், மதுவை முழுமையாக விட்டவர்களில் ஒருவருக்கும் கண்காணிப்புக் காலத்தில் அது மீளவில்லை.

குடிப்பவர்களில் பலர் புகைப்பவர்களாகவும் இருப்பதால், புகை செய்த கேடும் நெடுங்காலம் மதுவின் கணக்கிலேயே சேர்ந்தது. கோபன்ஹேகனில் 17,905 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டியது. அங்கு கண்ட கணைய அழற்சிகளில் சுமார் 46 விழுக்காட்டுக்குப் புகைத்தலே பொறுப்பு என அது கணித்தது. புகையை விட்டவரின் ஆபத்து, புகைக்காதவரின் அளவுக்கு இறங்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகலாம் என்று 2012இல் ஒரு சுவீடன் ஆய்வு கண்டது. ஆகவே, “முதலில் குடியை விடு, புகையைப் பிறகு பார்க்கலாம்” என்ற அறிவுரை நோயாளியின் காலத்தை வீணடிக்கிறது.

ஒருமுறை சொன்னால் போதுமா?

தம்பெரேயில் 120 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினருக்கும் மருத்துவமனையில் ஆலோசனை கிடைத்தது. ஒரு பிரிவினரை மட்டும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அழைத்துத் தாதியர் மீண்டும் பேசினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், மருத்துவமனையில் ஒருமுறை மட்டும் ஆலோசனை பெற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்து பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டது. இதற்குப் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை.

ஒஸ்லோவின் வாய்ப்பு

மதுவையும் புகையையும் சட்டத்தால் கட்டுப்படுத்துவதில் நோர்வே முன்னோடி. 1922 முதல் வின்மொனோபோலெட் என்னும் அரசு நிறுவனம் மது விற்கிறது. 1975 முதல் மது, புகையிலை விளம்பரங்களுக்குத் தடை. 2004 ஜூன் 1 முதல் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைக்க முடியாது. இவை மக்கள்தொகை முழுவதையும் காக்கும் வேலிகள். ஆனால் ஒருமுறை கணையம் புண்பட்டவருக்கு, குறைத்துக் குடிப்பது காப்பாகாது; அவர் முற்றாக விட வேண்டும். அதற்குக் கடையை அடைக்கும் நேரம் உதவாது. தொடர்ந்து விசாரிக்கும் ஆள் வேண்டும்.

அந்த ஆளும் இங்கே உண்டு. 2001 முதல் குடும்ப மருத்துவர் முறை இருக்கிறது. 2004இன் சீர்திருத்தம் போதைச் சிகிச்சையை நோயாளியின் உரிமையாக்கியது. நகராட்சிகளின் நலவாழ்வு மையங்கள் புகையை விட உதவுகின்றன. கடுமையாகக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம் என்பதால், நிறுத்துவதும் மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டும்.

ஒஸ்லோத் தமிழருக்கு 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்புச் சட்டம் மிக முக்கியமானது. தேவையான இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது அரசு அமைப்புகளின் கடமை. பொதுவாகப் பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. தந்தையின் குடியைப் பற்றி மகள் வாயால் கேட்டால் உண்மையான விடை வராது. கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். மது இல்லாமலும், பித்தக்கல்லாலும் மரபணுவாலும் கணைய அழற்சி வரும். தென்னிந்தியாவில் மதுவே தொடாத இளைஞருக்கும் ஒருவகை நாள்பட்ட கணைய அழற்சி காணப்படுகிறது. குற்றஞ்சாட்டும் தொனி, குடிக்காதவரை அவமதிக்கும்; குடிப்பவரை மறைக்கத் தூண்டும்.

எனவே மருத்துவமனையின் விடுவிப்புக் கடிதத்தில் மூன்று செய்திகள் கட்டாயம் இடம்பெற வேண்டும்: மது, புகை இரண்டையும் நிறுத்தும் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேசப்போகும் தாதியின் அல்லது மருத்துவரின் பொறுப்பு, நோயாளி பேச விரும்பும் மொழி. மீண்டும் குடித்தவரையும் அடுத்த சந்திப்புக்கு அழைக்க வேண்டும். அவருக்குத்தான் அது மிகவும் தேவை.