மறைந்திருக்கும் நிறம்

பெற்றோரின் நிறம் பிள்ளைக்கு வரும் என்பது உலகறிந்த செய்தி. ஆனால், பெற்றோர் இருவரிடத்தும் காணப்படாத நிறம் பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது? இவ்வினா மனிதரை நெடுங்காலம் மயக்கியது. அதனோடு நில்லாது, எத்தனையோ குடும்பங்களில் தாயின் நடத்தையின்மீது ஐயத்தையும் எழுப்பியது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கீழ்க்கரை ஊர்களின் மக்கள் போற்றும் ஸஹீஹுல் புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில், இதனைப் பற்றிய நிகழ்ச்சியொன்று பதிவாகியுள்ளது. பாலைநிலத்து அரபி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கருநிறப் பிள்ளையைப் பெற்றிருப்பதாக முறையிட்டார். அவரிடமுள்ள ஒட்டகங்களின் நிறம் யாதென நபியவர்கள் வினவினார்கள். சிவப்பு என்றார் வந்தவர். அவற்றிடையே சாம்பல் நிறத்தவை உண்டோ என்று கேட்க, உண்டு என்றார். அந்நிறம் எங்ஙனம் வந்தது என்ற கேள்விக்கு, முன்னோர் வழியின் ஈர்ப்பாக இருக்கலாம் என்று அவரே விடை கூறினார். அவருடைய மகனுக்கும் அவ்வாறே நேர்ந்திருக்கலாம் என நபியவர்கள் விளக்கினார்கள். வெறும் ஐயத்தால் பிள்ளையை மறுக்க அவருக்கு இடமளிக்கப்படவில்லை.

முன்னோர் வழி எங்ஙனம் ஈர்க்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் கிரெகர் மெண்டல் என்னும் துறவியாவார். இன்று செக் நாட்டிலுள்ள பேர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில் அவர் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். ஊதாப்பூச் செடியையும் வெண்பூச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறை முழுவதும் ஊதாவாகவே பூத்தது. வெண்மை அழிந்தது போலத் தோன்றியது. அடுத்த தலைமுறையில் 929 செடிகளை எண்ணிப் பார்த்தார். 705 ஊதா, 224 வெள்ளை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்பது இக்கணக்கு. ஒவ்வோர் உயிரும் ஒரு பண்புக்கு இரண்டு அலகுகளைத் தாங்குகிறது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. ஊதாவின் அலகு உடனிருந்தால் வெண்மையின் அலகு மறைந்திருக்கும். வெண்மையின் அலகுகள் இரண்டு ஒன்றுகூடினாலே வெண்மை வெளிப்படும். இம்முடிபை அவர் 1865இல் உரைத்து 1866இல் அச்சேற்றினார். அறிஞர் பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1884இல் மெண்டல் மறைந்தார். அவர் கண்ட உண்மை 1900ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

செடியில் கண்ட இவ்விதி விலங்குக்கும் பொருந்தும் என்பதற்கு இந்தியாவில் நிகழ்ந்த ஒன்று சான்று. ரேவா நாட்டு மன்னர் மார்த்தாண்ட சிங் 1951இல் காட்டிலிருந்து வெள்ளைப் புலிக்குட்டியொன்றைப் பிடித்து, மோகன் எனப் பெயரிட்டு வளர்த்தார். இயல்பான நிறமுடைய பேகம் என்ற பெண்புலியுடன் அதனைச் சேர்த்தபோது பிறந்த குட்டிகளில் ஒன்றேனும் வெள்ளையில்லை. பின்னர், அக்குட்டிகளுள் ஒன்றான ராதாவுடனேயே மோகன் சேர்க்கப்பட்டது. 1958இல் பிறந்த நான்கு குட்டிகளும் வெள்ளையாயிருந்தன. ராதாவின் மஞ்சள் தோலுக்குள் தந்தையின் வெண்மை மறைந்திருந்தது என்பது இதனால் புலனாயிற்று.

பாம்பு வளர்ப்போர் இதே வழியைப் பின்பற்றினர். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பு, அஞ்சினால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாதுவான பாம்பாகும். கருமை தரும் மெலனின் என்ற நிறப்பொருள் இல்லாத இப்பாம்பு, வெண்மையும் மஞ்சளுமாகத் தோன்றும்; அதனை அல்பினோ என்பர். 1992இல் அமெரிக்கரான பொப் கிளார்க், அல்பினோப் பந்துப்பாம்புகளை முதன்முதலாக வளர்ப்பிலே பிறப்பித்தார். மறைவான அலகைத் தாங்கிய இரு பாம்புகள் இணைந்தால், ஒவ்வொரு குஞ்சும் அல்பினோவாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கு முட்டைக்கு ஒன்று கட்டாயம் என்பது இதன் பொருளன்று. காசைச் சுண்டுவது போல ஒவ்வொரு முட்டைக்கும் கணக்குப் புதிதாகத் தொடங்கும்.

எல்லா நிறமும் மறைந்திருப்பதில்லை. சிலந்தி எனப் பெயர்பெற்ற கோலத்துக்கு ஓர் அலகே போதும். ஆனால், அக்கோலத்தைச் சுமக்கும் பாம்புகள் தலை நடுங்கித் தடுமாறுகின்றன. வெள்ளைப் புலிகளிலும் கண்பார்வையின் நரம்பமைப்பு பிறழ்ந்துள்ளது. மாறுகண்ணும் பலவற்றில் உண்டு. அழகை வேண்டி உறவுக்குள் உறவாக இணைத்தவன் மனிதன். விலை கொடுத்தது வாயில்லாப் பிராணி.

2022இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், செல்லப்பாம்பு வளர்ப்போர் அனுப்பிவைத்த பாம்புச் சட்டைகளை ஆராய்ந்து, அல்பினோ நிறத்துக்குரிய அலகை இனங்கண்டனர். மெலனின் உண்டாகத் துணைசெய்யும் நொதியம் ஒன்றை ஆக்கும் அலகே அது. மனிதரிடத்தும் அதே அலகு பழுதுற்றால் அல்பினிசம் தோன்றுகிறது.

இவ்விடத்திலே பாம்பின் கதை கல்முனைக் கரையின் வீட்டு வாசலை எட்டுகிறது. இக்கரையின் முஸ்லிம்களிடையே குடி என்னும் வம்சம் தாய்வழியாகவே வரும். ஒரே குடிக்குள் மணம் கொள்ளாமை மரபு. மாமன் மகளும் மாமி மகனும் வெவ்வேறு குடியினர். ஆதலின் அவர்களுக்குள் மணம் செய்யத் தடையில்லை. ஆயினும், அவ்விருவருக்கும் பாட்டன் பாட்டி பொது. குடி தாயைப் பின்தொடரும்; நிறத்தின் அலகோ தாய் தந்தை இருவர் வழியும் இறங்கும். பாட்டியிடம் மறைந்திருந்த ஓர் அலகு, மகன் வழியாகப் பேத்தியையும் மகள் வழியாகப் பேரனையும் சேரக்கூடும். அவர்கள் மணந்தால், மூன்று தலைமுறை மறைந்திருந்தது நான்காம் தலைமுறையின் தொட்டிலில் வெளிப்படக்கூடும்.

அவ்வாறு வெண்தோலும் வெண்முடியுமாக ஒரு பிள்ளை பிறந்தால், அதற்கு வேண்டியது வெயிலுக்கு மறைப்பும் கண்ணுக்குச் சிகிச்சையுமே. தாயிடம் விசாரணை நடத்த அங்கே எதுவுமில்லை. ஓர் அலகு மட்டும் இருந்திருந்தால் அந்நிறம் வெளிவந்திராது. மற்ற அலகைத் தந்தவன் தந்தை. தாயின்மீது குற்றம் சுமத்தப் பயன்பட்ட அதே நிறம், உண்மையில் தந்தையும் தன் பங்கைத் தந்தான் என்பதற்கே சாட்சியாக நிற்கிறது.