உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்)

ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியாவால் வரும் காய்ச்சல். புதர்களில் வாழும் மைட் என்ற நுண்பூச்சியின் இளம்பருவம் கடிக்கும்போது கிருமி உடலுக்குள் புகுகிறது. இந்த இளம்பூச்சிக்குச் சிக்கர் என்று பெயர். மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கிடக்கும் உண்ணி இந்நோயைப் பரப்புவதில்லை. ஜப்பான், பாகிஸ்தான், வட ஆஸ்திரேலியா ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட பெரும் முக்கோணப் பரப்பே இதன் பழைய தாயகம். இந்தியாவும் இலங்கையும் அதற்குள் அடங்குகின்றன. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்த படைவீரர்கள் பலர் இதற்கு இரையானார்கள்.

சிக்கர் கண்ணுக்கு எளிதில் தென்படாது. எலி போன்ற சிறு விலங்குகளின் மேல் ஏறி உணவு தேடும். மனிதர் குறுக்கிட்டால் அவரையும் கடிக்கும். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் கிருமி போய்விடுவதால், எலிகளை ஒழிப்பதால் மட்டும் நோய் ஒழியாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் அதிகம் காணப்படுகிறது. களையெடுப்போர், விறகு பொறுக்குவோர், ஆடு மேய்ப்போர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். புதர் மண்டிய கொல்லை உள்ள வீட்டாருக்கும் வரலாம்.

கடிபட்டு 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, இருமல், வாந்தி தோன்றும். ரத்தத்தில் தட்டணுக்களும் குறைவதால் டெங்கு என்றோ, காய்ச்சல் நீடிப்பதால் டைபாய்டு என்றோ எண்ணிவிடுவது எளிது. பிரித்துக் காட்டும் அடையாளம் பல நோயாளிகளின் தோலிலேயே இருக்கிறது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல், சிவந்த விளிம்புடன் ஒரு கருத்த பொருக்கு உண்டாகும். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பு என ஆடை மறைக்கும் இடங்களையே சிக்கர் நாடுகிறது. ஆகவே காரணம் புரியாத காய்ச்சலோடு வருபவரை, கூச்சத்துக்கு இடம் தராமல், தலை முதல் கால் வரை பார்ப்பது மருத்துவரின் கடமை. பொருக்கு இல்லாததை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

ஐஜிஎம் எலிசா ரத்தப் பரிசோதனை நோயை உறுதிப்படுத்தும். முதல் சில நாட்களில் அதுவும் தவறவிடலாம். முடிவுக்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் இந்நோயில் உயிரைப் பறிக்கிறது. கிருமி உயிரணுக்களுக்குள் வாழ்வதால் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் பலிக்காது. மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையே முதல் மருந்து. பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை பாதிக்கப்படும். அப்படி முற்றிய நோயாளிகளுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து சிரை வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் தருவதைவிட நல்ல பலன் அளிப்பதாக, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. சிக்கல்கள் விரைவில் தணிந்தன. இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

தடுப்பூசி இதுவரை இல்லை. வயலுக்கோ காட்டுக்கோ செல்வோர் முழுக்கை, முழுக்கால் ஆடை அணிவதும், துணிகளைப் புதர்மேல் உலர்த்தாதிருப்பதும், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து ஆடையைத் துவைப்பதும் உதவும்.