இங்கிலாந்தின் வாடகை வீடுகளில் பூஞ்சணம்: யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சணம் படர்ந்தால் அதற்குப் பொறுப்பு உரிமையாளரா, குடியிருப்பவரா என்பது பல பத்தாண்டுகளாகத் தொடரும் வழக்கு. ஈரம் இல்லாமல் பூஞ்சணம் இல்லை என்பதால், ஈரம் எங்கிருந்து வந்தது என்பதே விவகாரத்தின் மையம்.

நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஓதம், கூரையிலோ குழாயிலோ இருந்து கசியும் நீர் ஆகிய இரண்டிலும் சச்சரவு குறைவு. பழுது கண்ணுக்குத் தெரியும், செலவு உரிமையாளருடையது. வீட்டுக்குள் எழும் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து துளிப்பதுதான் சண்டையின் ஊற்று. சமைத்தாலும் குளித்தாலும் துணி உலர்த்தினாலும் ஆவி எழும். ஹீட்டர் போடவில்லை, சன்னலைத் திறக்கவில்லை என்பார் உரிமையாளர். சுவருக்கு வெப்பக்காப்பு இல்லை, குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி இல்லை என்பார் குடியிருப்பவர். எரிவாயுக் கட்டணத்துக்கு அஞ்சி ஹீட்டரை அணைத்து வைப்பவரிடம் சன்னலையும் திறந்து வை என்பது எளிய அறிவுரை அல்ல.

1985ஆம் ஆண்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கட்டட அமைப்பு, வெளிப்புறம், நீர், மின்சார, வெப்பமூட்டும் சாதனங்கள் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் கடமையை உரிமையாளர்மீது சுமத்துகிறது. ஆனால் பழுது இருந்தால்தான் இந்தக் கடமை எழும். இதே கடமையின் முந்தைய வடிவத்தின்கீழ் 1980களில் டாஃப்-ஈலி என்ற வேல்ஸ் கவுன்சிலுக்கு எதிராக வந்த வழக்கு புகழ்பெற்றது. உலோகச் சன்னல் சட்டங்களில் நீர் துளிர்த்து, படுக்கையும் துணிமணியும் மக்கிப்போன வீடு அது. ஆயினும் கட்டடம் சேதமடையவில்லை, வடிவமைப்பே அப்படி என்பதால், அது பழுதாகாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். சுவர் நன்றாக இருந்து வாழ்க்கை மட்டும் நாசமானால் சட்டத்தில் பரிகாரம் இல்லை என்றாயிற்று.

இந்த ஓட்டையை அடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2019 மார்ச் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. வடிவமைப்புக் குறையால் வந்த ஈரத்துக்கும் இப்போது உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும். கவுன்சில் அதிகாரிகள் வீடுகளைச் சோதிக்கும் 29 கேடுகளின் பட்டியலிலும் ஓதமும் பூஞ்சணமும் உண்டு.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு. புகைபோக்கியைச் சுத்தம் செய்வது, அடைத்துக்கொண்ட கழுவுதொட்டியைச் சரிசெய்வது போன்ற சில்லறை வேலைகள் அவருடையவை என்று நீதிபதி டென்னிங் 1953இல் பட்டியலிட்டார். குறையை உரிமையாளருக்குத் தெரிவிப்பதும் முக்கியம். வீட்டுக்குள் இருக்கும் பழுது தெரிவிக்கப்படாதவரை பொதுவாக உரிமையாளர் பொறுப்பாகார். எழுத்தில் தெரிவித்து, தேதியிட்ட படங்களை வைத்துக்கொள்வது நல்லது. கோபத்தில் வாடகையை நிறுத்தினால் பாக்கிக்காக வெளியேற்றப்படும் ஆபத்து உண்டு.

2020 டிசம்பரில் ரோச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தது நிலைமையை மாற்றியது. வீட்டில் பூஞ்சணம் இருப்பதைத் தந்தை 2017லேயே வீட்டின் உரிமையாளரான வீட்டுவசதி அமைப்பிடம் தெரிவித்திருந்தார். மேலே வண்ணம் பூசச் சொன்னார்கள். நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த கடும் மூச்சுநோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். வாழும் முறைமேல் பழிபோடும் வழக்கத்தை விட வேண்டும் என்று வீட்டுவசதிக் குறைதீர் அதிகாரி 2021லேயே அறிக்கை வெளியிட்டிருந்தார். அறிக்கை செய்யாததை ஒரு மரணம் செய்தது.

அவாப் சட்டம் எனப்படும் விதிகள் 2023ஆம் ஆண்டுச் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழி வந்து, 2025 அக்டோபர் 27 முதல் கவுன்சில், வீட்டுவசதிச் சங்க வீடுகளுக்குப் பொருந்துகின்றன. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் சோதித்துப் பாதுகாப்பாக்க வேண்டும். கணிசமான ஓதம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் சோதனை. அது முடிந்த 3 வேலை நாட்களில் எழுத்துமூல அறிக்கை. 5 வேலை நாட்களில் ஆபத்தைப் போக்க வேண்டும். முடியாவிட்டால் மாற்று இடம் தருவது உரிமையாளர் செலவு. தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க 2025ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி செய்துள்ளது. அதற்குத் தனியே விதிமுறைகள் வர வேண்டும்.