வாலாஜாபேட்டைச் சுவடிகளும் சமகாலக் கலைஞரை அறிதலும்: வேங்கடரமண பாகவதரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தம் காலத்தில் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு கலைஞரைப் பிறர் எவ்வாறு அறிந்துகொண்டனர், அந்த அறிதலை எவ்வகையில் நிலைநிறுத்தினர் என்னும் வினாவை 19ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் ஒரு வணிக நகரை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தியாகராஜரின் (1767–1847) சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் (1781–1874) அவர்தம் மரபினரும் உருவாக்கிய சுவடித் தொகுதி, பக்தியின் விளைவாக மட்டுமன்றித் தொலைவு என்னும் நடைமுறைத் தேவையின் விளைவாகவும் அமைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வாலாஜாபேட்டை, தியாகராஜர், வேங்கடரமண பாகவதர், சௌராட்டிரர், சுரதாளக் குறிப்பு, பாடாந்தரம்.

முன்னுரை

கருநாடக இசை வரலாற்றில் தியாகராஜரின் சீடமரபுகள் ஊர்ப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. தில்லைஸ்தானம், உமையாள்புரம், மானம்புச்சாவடி, வாலாஜாபேட்டை என்னும் இவ்வரிசையை இசைத்துறை மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும் இப்பெயர்களின் நிலவியல் போதிய கவனம் பெறவில்லை. முதல் மூன்றும் காவிரிப் படுகையில், திருவையாற்றுக்கு எளிதில் சென்று மீளக்கூடிய தொலைவில் உள்ளவை. நான்காவது பாலாற்றின் வடகரையில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இந்த வேறுபாட்டைத் தற்செயலாகக் கொள்வதா, அன்றி அது சீடமரபின் இயல்பையே மாற்றியமைத்தது எனக் கொள்வதா?

தியாகராஜர் வாழ்ந்த காலத்தில் அவருடைய கிருதிகளை அச்சிட்டுப் பரப்பிய நூல் எதுவுமில்லை. தஞ்சை அரசவையின் அழைப்பை அவர் ஏற்கவில்லை என்றே மரபு கூறுகிறது. எனவே அரசவை வழியாகப் புகழ் பரவும் வாய்ப்பும் குறுகியது. இந்நிலையில் வாழும் கலைஞர் ஒருவரின் பெயரும் பாடலும் மற்றொரு வட்டாரத்தை எட்டுவதற்கு அவற்றைக் கொண்டு செல்லும் மனிதர்கள் வேண்டியிருந்தது. அம்மனிதர்களுள் ஒருவரைப் பற்றியதே இவ்வாய்வு.

பேட்டையின் பின்புலம்

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்த வாலாஜாபேட்டை, தொடக்கம் முதலே ஒரு வணிகக் குடியிருப்பாகும். மலைத்தொடருக்கு மேற்கிலுள்ள மேட்டுநிலத்திற்கும் சோழமண்டலக் கடற்கரைக்கும் இடையே சென்ற சரக்குகள் இங்குக் கைமாறின. நெசவும் துணி வணிகமும் செழித்தன. 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை வாலாஜா ரோடு வரையே அமைந்தது. 1866இல் இந்நகர் நகராட்சித் தகுதி பெற்றது. ஆயினும் இரயில் நிலையம் நகரிலிருந்து விலகியே இருந்தமையாலும், சரக்குகள் இடையில் தங்காது நேரே சென்னை செல்லத் தொடங்கியமையாலும், இருப்புப்பாதைக்குப் பின் பேட்டையின் வணிக முதன்மை குன்றியது. இன்று இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் ஓரத்தில் உள்ள ஊராகவே இது பெரிதும் அறியப்படுகிறது. இசை வரலாற்றில் இவ்வூர் இடம்பெற்றது அதன் வணிக வளம் குன்றாத காலத்திலாகும்.

நெசவுக் குடியினரான சௌராட்டிரர் தமிழகத்தின் பல நெசவு ஊர்களில் வாழ்ந்தனர். அவ்வூர்களைத் திருமண உறவும் நூல் வணிகமும் பசனை மரபும் இணைத்தன. தஞ்சைக்கு அருகிலுள்ள அய்யம்பேட்டையும் வாலாஜாபேட்டையும் அத்தகைய ஊர்களே. ஒரு பாடல் காவிரிக்கரையிலிருந்து பாலாற்றங்கரைக்கு வருவதற்கான பாதை, அப்பாடல் இயற்றப்படும் முன்பே இருந்தது எனலாம்.

அய்யம்பேட்டையிலிருந்து வாலாஜாபேட்டைக்கு

வேங்கடரமண பாகவதர் 1781இல் அய்யம்பேட்டையில் பிறந்தார். தம்மினும் 14 வயதே மூத்தவரான தியாகராஜரிடம் பல்லாண்டுகள் பயின்றார். வழியெல்லாம் துளசி பறித்துக்கொண்டு நாள்தோறும் திருவையாற்றுக்கு நடந்து சென்றார் என்னும் செய்தி சீடமரபில் வழங்குகிறது. தெலுங்கிலும் வடமொழியிலும் சௌராட்டிரத்திலும் பாடல் புனையும் புலமை அவருக்கு இருந்தது. தம் ஆசிரியரைப் போற்றி அவர் வடமொழியில் இயற்றிய குரு அஷ்டகம், ஆசிரியர் இறந்தபின் எழுந்த புராணப் புகழ்ச்சி அன்று; தாம் நேரில் கண்ட ஒருவரைப் பற்றிய சொல்லாகும். இவ்வகைச் சான்று இந்திய இசை வரலாற்றில் அரிதாகும்.

பின்னர் அவர் வாலாஜாபேட்டையில் குடியேறினார். ஊர் மாறியபோதும் ஆசிரியருடனான தொடர்பு அறவில்லை. தியாகராஜரின் ஒரே மகளான சீதாலட்சுமியின் திருமணத்திற்கு இராமபிரானின் ஓவியம் ஒன்றை எழுதுவித்து, வாலாஜாபேட்டையிலிருந்து நடந்தே அதைக் கொண்டு சென்றார் என்றும், அதனைக் கண்ட ஆசிரியர் மோகன இராகத்தில் ‘நன்னு பாலிம்ப’ என்னும் கிருதியைப் பாடினார் என்றும் மரபு கூறும். இக்கதையைப் பெரும்பாலும் பக்திச் சுவைக்காகவே எடுத்தாள்வர். இதில் வரலாற்று நோக்கில் கருதத்தக்க வேறொன்று உண்டு. பேட்டையிலுள்ள ஓர் ஓவியரின் படைப்பு திருவையாற்றுக்குச் செல்கிறது. திருவையாற்றில் பிறந்த பாடல் பேட்டைக்கு வருகிறது. இரண்டையும் சுமந்தவர் ஒருவரே. 

தொலைவும் எழுத்தும்

வாலாஜாபேட்டைச் சுவடிகள் என இன்று வழங்கும் தொகுதியில் தெலுங்கு எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடிகளும் காகிதச் சுவடிகளும் உள்ளன. கிருதிகளின் சாகித்தியம், சுரதாளக் குறிப்புகள், பிரகலாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம் ஆகிய இசை நாடகங்களின் படிகள், தியாகராஜரின் வாழ்க்கைக் குறிப்புகள் முதலியன அதனுள் அடங்கும். இவ்வளவு விரிந்த எழுத்துத் தொகுதி இந்த மரபில் உருவானமைக்குக் காரணம் என்ன?

செவிவழிக் கல்வியில் எழுத்து ஒரு துணைக்கருவியே. ஆசிரியர் அருகில் இருக்கும்போது ஐயம் எழுந்தால் மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். காவிரிப் படுகைச் சீடர்களுக்கு இந்த வாய்ப்பு இருந்தது. பல நாள் நடைப்பயணத் தொலைவில் வாழ்ந்தவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை, மறந்தது மறந்ததே. ஆகவே குறித்துவைத்தல் அவர்க்குக் கட்டாயமாயிற்று. இவ்விளக்கத்திற்கு ஒரு தடை எழலாம். பாகவதர் அய்யம்பேட்டையில் வாழ்ந்தபோதே எழுதத் தொடங்கியிருக்கக் கூடுமன்றோ? அது பொருத்தமான தடையே. ஆயினும் எழுதத் தொடங்குதல் வேறு. எழுதியதைப் படியெடுத்து, மூன்று தலைமுறை காத்தல் வேறு. பின்னது வாலாஜாபேட்டையோடு தொடர்புடையது.

மற்றொரு தொலைதூரச் சீடமரபும் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் வாழ்ந்த வீணை குப்பையர் தியாகராஜரின் நேர்ச் சீடர். அவர் மகன் திருவொற்றியூர் தியாகையர் 1900இல் ‘பல்லவி சுவர கல்பவல்லி’ என்னும் நூலை அச்சிட்டார். ஆசிரியரின் ஊரிலிருந்து விலகியிருந்த இரு மரபுகளும் எழுத்தையும் அச்சையும் நாடியமை கருதத்தக்கது. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர் 1908இல் வெளியிட்ட கிருதித் தொகுப்பு இதற்கு விலக்காகத் தோன்றலாம். எனினும் அது அச்சு எங்கும் பரவிவிட்ட பிற்காலத்தது.

சுர எழுத்துகளைக் கொண்டு ஒரு கிருதியை முழுமையாக மீட்டெடுக்க இயலாது என்பதையும் மறத்தல் கூடாது. அன்றைய குறிப்புமுறை கமகங்களை விரித்துக் காட்டுவதில்லை. பாடலை முன்பே அறிந்தவர்க்கு அது நினைவூட்டும். அறியாதவர்க்கு எலும்புக்கூட்டை மட்டுமே தரும். வாலாஜாபேட்டைச் சுவடிகளை மூல பாடத்திற்கான இறுதித் தீர்ப்பாகக் கொள்வோர் இவ்வரம்பைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஆசிரியரின் வருகையும் ஒரு மாணவரும்

காஞ்சிபுரத்து உபநிடத பிரம்மேந்திரரின் அழைப்பை ஏற்றுத் தியாகராஜர் வடக்கே மேற்கொண்ட பயணத்தைப் பொதுவாக 1839ஆம் ஆண்டை ஒட்டியதாகக் கொள்வர். காஞ்சி, திருப்பதி, சென்னை, கோவூர், திருவொற்றியூர் ஆகிய இடங்களோடு வாலாஜாபேட்டையும் அப்பயணத்தில் இடம்பெற்றது. திருவையாற்றை விட்டு அதிகம் வெளிச்செல்லாத முதியவர் ஒருவர் வணிகர்களும் நெசவாளர்களும் வாழும் பேட்டைக்கு வந்தமை, அங்கு அவரை முன்பே அறிந்த கேட்போர் உருவாகியிருந்தமையைக் காட்டும். அறியாத ஊருக்கு அவர் வரவில்லை. அவருடைய பாடல்கள் அவருக்கு முன்பே அங்குச் சென்றிருந்தன.

அவ்வருகையின்போது வேங்கடரமண பாகவதரின் மாணவர் ஒருவர் தோடி இராகத்தில் ‘தியாகராஜஸ்வாமி வெடலின’ என்னும் பாடலை இயற்றிப் பாடினார். அவர் பிற்காலத்தில் மைசூர் சதாசிவராவ் எனப் புகழ்பெற்றவர். பாடுபொருள் ஆண்டவனோ அரசனோ அல்லன். எதிரே அமர்ந்திருக்கும் மூத்த இசைவாணர். சமகாலக் கலைஞர் ஒருவரை மற்றொரு கலைஞர் கண்டு வியந்து பாடிய இச்செயல், இக்கட்டுரையின் வினாவுக்கு மிக நெருங்கிய சான்றாகும்.

சதாசிவராவ் மைசூர் சென்ற வரலாறும் நோக்கத்தக்கது. பெத்த முனிசாமிச் செட்டியார், சின்ன முனிசாமிச் செட்டியார் என்னும் வணிகர்களே அவரை அங்கு அழைத்துச் சென்று ஆதரித்தனர். அதன்பின்னரே அவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையில் இடம்பெற்றார். அரசவை, வணிகர் கண்டெடுத்த கலைஞரை ஏற்றுக்கொண்டது என்பதே இங்குள்ள வரிசைமுறை. இசைப் புரவலர் எனின் அரசரையும் நிலக்கிழாரையும் மட்டும் எண்ணும் ஆய்வுப் போக்கு இவ்விடத்தில் திருத்தம் பெற வேண்டியதாகிறது.

வாழ்க்கையை எழுதுதல்

வேங்கடரமண பாகவதர் தெலுங்கில் எழுதிய தியாகராஜரின் வாழ்க்கைக் குறிப்பு மிகச் சுருக்கமானது. அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் ஒரு வரலாறு எழுதினார். பேரர் கே.கே. இராமசாமி பாகவதர் 20ஆம் நூற்றாண்டில் விரிவான நூலொன்றை வெளியிட்டார். வில்லியம் ஜாக்சன் 1991இல் வெளியிட்ட தியாகராஜர் பற்றிய ஆங்கில ஆய்வு இக்குடும்பத்து வரலாறுகளைப் பயன்படுத்துகிறது. தலைமுறை தள்ளிப்போகுந்தோறும் வரலாறு நீளுகிறது. நிகழ்ச்சிகளும் அற்புதங்களும் கூடுகின்றன. அருகிலிருந்து கண்டவர் குறைவாகவே எழுதினார். கேட்டறிந்தவர்க்குச் சொல்ல நிறைய இருந்தது.

இதனைக் குடும்பத்தாரின் கற்பனை என ஒதுக்குதல் முறையாகாது. முதல் தலைமுறையினர் எழுதியபோது படிப்பவர் பலரும் தியாகராஜரை அறிந்தவர்கள்; அவர்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாம் தலைமுறையில் தியாகராஜர் தேசம் முழுதும் வணங்கப்படும் பெரியவராகிவிட்டார். படிப்பவர் எதிர்பார்த்ததும் வேறாயிற்று. எட்டயபுரத்திலிருந்து 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியும் வாக்கேயகாரர்தம் வரலாறுகளைத் தருகிறது. எனினும் அது தியாகராஜர் மறைந்து 57 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. முதல் பாகவதரின் குறுங்குறிப்பு மட்டுமே சமகாலத்தவரின் கையெழுத்து என்னும் தகுதி உடையது. தியாகராஜர் பற்றிய மேடைப் பேச்சுகளும் திரைப்படங்களும் பெரிதும் பின்னைய நூல்களையே சார்ந்து நிற்பது வியப்புக்குரியது.

தாளும் மேடையும்

1890களின் தொடக்கத்தில் சென்னையில் அ.மு. சின்னசாமி முதலியார் ஐரோப்பிய இசைக்குறியீட்டில் கருநாடக இசைப் பாடல்களை அச்சிடத் தொடங்கினார். கிறித்தவரான அவர் தியாகராஜரின் கிருதிகளுக்காக நாடியது வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரை. பாகவதர் பாட, முதலியார் குறித்தார். சௌராட்டிர வைணவப் பசனை மரபில் வளர்ந்தவர் ஒருவரும் கத்தோலிக்கத் தமிழர் ஒருவரும் இணைந்து, தெலுங்குப் பாடல்களை ஐரோப்பியக் குறியீட்டில் பதித்தனர். அம்முயற்சியால் முதலியார் பொருளிழப்புக்கு உள்ளானார்; முயற்சியும் நிறைவுறவில்லை.

இவ்வளவு தாள் வளம் இருந்தும் மேடையில் ஓங்கியது வாலாஜாபேட்டைப் பாடாந்தரம் அன்று. மகாவைத்தியநாத ஐயரும் பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் மாணவர்கள். கச்சேரி மேடையை ஆண்ட இவ்விருவர் வழியே அம்மரபு பரவியது. சுவடி பாடலை அழியாமல் காத்தது. ஆனால் பாடலைப் பரப்பியது புகழ்பெற்ற குரல். ஒரே கிருதிக்குச் சீடமரபுதோறும் வெவ்வேறு பாடம் வழங்குவதால், மேடையில் வெற்றி பெற்ற பாடமே மூல பாடம் எனக் கருதும் பழக்கமும் நிலைபெற்றது. வாலாஜாபேட்டைச் சுவடிகள் அப்பழக்கத்தை வினவுவதற்குரிய சான்றாக உள்ளன.

சுவடிகளின் இன்றைய இடம்

வாலாஜாபேட்டைச் சுவடிகள் இன்று மதுரைச் சௌராட்டிர சபையின் உடைமையாக உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அவற்றை ஆராய்ந்து இசையுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அரசு நிறுவனமோ இசைச் சங்கமோ அன்றி, ஒரு சமூகத்தின் சபை இவற்றைக் காத்தது. அச்சமூகம் தன் வரலாற்றை எழுதிக்கொள்ள முனைந்த காலத்தில், தியாகராஜரின் தலைமாணாக்கர் ஒருவர் தம்மவர் என்பதற்குச் சான்றாக இச்சுவடிகள் பயன்பட்டிருக்க வேண்டும். அந்நோக்கம் இல்லையேல் அவை செல்லரித்துப் போயிருக்கவும் கூடும்.

தமிழகத்து நகரொன்றில், சௌராட்டிரம் பேசிய குடும்பத்தார், தெலுங்கு எழுத்தில் எழுதிய இத்தொகுதியைத் தமிழ் ஆய்வுலகம் தனக்குரிய சான்றாகக் கருதியது குறைவு. தெலுங்குத் துறையினர்க்கு அது தமிழகத்து ஆவணம். தமிழ்த் துறையினர்க்கு அது தெலுங்குச் சுவடி. வரலாற்றுத் துறையினர்க்கு அது இசை. 19ஆம் நூற்றாண்டு வட ஆர்க்காட்டின் நெசவாளர், வணிகர் வாழ்வை அறிய மாவட்டக் கையேடுகளையும் வருவாய்த்துறை ஆவணங்களையும் நாடுவோர், அதே தெருக்களில் அதே மக்கள் தம் கையால் எழுதிவைத்த இப்பக்கங்களைத் திறந்து பார்ப்பதில்லை.