பெயர் இல்லாத படங்கள்

1858-இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் புதுக்கோட்டைக்கு வந்தார். சென்னை அரசாங்கம் நியமித்த புகைப்படக்காரர். பெரிய கேமராவையும் மருந்துகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போது ஃபிலிம் கிடையாது. மெழுகு பூசிய காகிதத்தில்தான் நெகட்டிவ். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், செலவு அதிகம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். ஆனாலும் படங்கள் பிழைத்துக்கொண்டன. புதுக்கோட்டைப் படங்கள் தனித் தொகுப்பாகவே வந்தன. எந்த ஊர், என்ன கட்டடம் என்று தலைப்பு இருப்பதால் இன்றும் அவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது.

என் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் குளத்தூர் வீட்டுப் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே 412 படங்கள். மகன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக் கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் வெறும் எண்தான். யார், எப்போது என்று ஒன்றுமில்லை.

88 வயது அத்தையிடம் மடிக்கணினியோடு போய் நான்கு நாள் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்லப் பெயர்களைத் தட்டச்சு செய்தேன். சில படங்கள் தாமே தடயம் கொடுத்தன. ஒரு கடைப் பலகையில் ‘குளத்தூர், திருச்சி மாவட்டம்’ என்றிருந்தது. 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் நாம் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தோம். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14-இல். ஆக, அந்தப் பலகை எழுதியது இடைப்பட்ட 26 ஆண்டுக்குள்.

ஒரு படத்தில் கைக்குழந்தையான என்னை ஒரு பெண் இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். யாரென்று அத்தைக்கும் தெரியவில்லை. “ஒங்க அம்மா இருந்தா சொல்லியிருப்பாடா” என்றார். அம்மா போய் 11 ஆண்டு ஆகிறது. அவர் இருந்தபோதும் பெட்டி அதே பரணில்தான் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

இப்போது ஆண்டு, ஊர், பெயர் என்ற வரிசையில் எல்லாம் கோப்புகளாக இருக்கின்றன. ஒரு பிரதி என்னிடம், ஒன்று கோவையில் மகளிடம். அந்தப் படத்துக்கு மட்டும் ‘என்னைத் தூக்கியவர், பெயர் தெரியவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். ஸ்கேன் செய்வதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். பெயர் கேட்பதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.