வசதியானவங்களுக்குத்தான் தைராய்டு கேன்சர் அதிகமா வருதா?

படிப்பும் வருமானமும் அதிகமுள்ளவர்களிடம் தைராய்டு புற்றுநோய் அதிகம் பதிவாகிறது. அமெரிக்கா உட்பட பல நாடுகளின் புள்ளிவிவரங்கள் இதையே காட்டுகின்றன. காசு இருந்தா கேன்சர் வருமா என்ன?

தென் கொரியாவைப் பார்த்தால் புரியும். 1999-ல் அங்கே தேசிய புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் தைராய்டு இல்லை. ஆனால் 30 முதல் 50 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். 2011-ல் பாதிப்பு விகிதம் 1993-ஐ விட 15 மடங்கு! உயிரிழப்பு விகிதம்? பெரிசா மாறவே இல்லை.

பலரது தைராய்டில் வாழ்நாள் முழுக்க தொல்லையே தராத சின்னஞ்சிறு புற்றுக்கட்டிகள் இருக்கும். தேடினா கிடைக்கும். செக்-அப் பழக்கமும் அதற்கான காசும் உள்ளவர்களிடம்தான் முதலில் தேடுகிறார்கள்.

சிக்கல் அதன் பிறகுதான். சுரப்பியை முழுசா எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை. சிலருக்கு குரல் நரம்பும் பாதிக்கப்பட்டது. இந்த ஸ்கேன் வேண்டாம் என்று 2014-ல் கொரிய டாக்டர்கள் சிலரே வலியுறுத்த, ஓராண்டில் அறுவை சிகிச்சைகள் சுமார் 35% குறைந்தன. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை என 2017-ல் அமெரிக்க தடுப்பு மருத்துவ நிபுணர் குழுவும் சொல்லிவிட்டது. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும் அது வேற கதை, டாக்டரைப் பார்த்தே ஆகணும்.